வேண்டாத சொற்கள் என்ற பெட்டி

எங்கள் தலைவருக்குக் கணினியில் தேடல் நிரல் எழுதிக் கொடுத்தவள் நான்தான். தலைவர் என்றதும் பெரிய இடத்து ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் றப்பர் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். துரை பங்களா வாசலில் நின்றுகொண்டு, தோட்டத்து மக்களும் மனிதர்கள்தான் என்று தொண்டை கிழியக் கத்தியவர். வயது போனதும் சங்கத்தை விட்டார், பட்டம் மட்டும் அவரை விடவில்லை. இப்போது ருவான்வெல்லைக் கடைவீதியில், ஒரு துணிக்கடையின் மாடியில், கலியாணத் தரகு அலுவலகம் வைத்திருக்கிறார். கீழே சேலை எடுக்க வருகிறவர்கள் மேலே மாப்பிள்ளையும் பார்த்துவிட்டுப் போகலாம். வசதியான ஏற்பாடுதான்.

நான் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதுகிறேன். வீடு என்றால் தோட்டத்து மேல் டிவிஷனில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு காம்பராதான். அப்பா காலமாகிவிட்டார். அம்மா றப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். மிச்சம் இருப்பது நானும் அக்காவும்.

அக்காதான் இந்தக் கதைக்கே காரணம். என்னைவிட மூத்தவள். முப்பதைத் தாண்டி அந்தப் பக்கம் கொஞ்சத் தூரம் போய்விட்டவள். எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். நல்ல நிறம், நல்ல குணம், நல்ல படிப்பு. இதெல்லாம் இருந்தும் ஒரு வரன்கூட வரவில்லை. தள்ளிப் போனது, தட்டிப் போனது என்றில்லை, வரவேயில்லை. அம்மாவுக்கு அதுதான் சோறு தண்ணீர் இறங்காத கவலை. "தலைவருக்கு அந்த கம்பியூட்டர் வேலைய செஞ்சு குடு. அக்காவுக்கு நல்ல எடமா மொதல்ல தேடிக் குடுப்பாரு" என்றாள். நானும் நம்பினேன்.

தலைவரிடம் பயோடேட்டாக்கள் கட்டுக் கட்டாக இருந்தன. ஒருவர் வந்து, "டீச்சர் பொண்ணு வேணும், முப்பதுக்குக் கீழ" என்றால், நூல் கட்டிய கோப்புகளை அவிழ்த்து, எச்சில் தொட்டுப் புரட்டித் தேடுவார். தேடி முடிப்பதற்குள் வந்தவருக்குப் பஸ் போய்விடும். நான் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். எவரோ எழுதி இலவசமாக ஊருக்குக் கொடுத்திருக்கும் தேடல் நிரல் ஒன்றை எடுத்து அதன்மேல் பொருத்தினேன். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு சுட்டி போட்டிருப்பார்களே, அந்த வேலையைத்தான் அது செய்யும். ஒரு சொல்லைக் கேட்டால், அந்தச் சொல் உள்ள ஆட்களை எல்லாம் நிமிடத்தில் கொண்டுவந்து நிறுத்தும்.

நிறுத்தியது. ஆனால் யாரை என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

முதல் சனிக்கிழமையே முறைப்பாடு. புதிதாக வந்த ஒரு பெண்ணின் விபரத்தைத் தலைவர் தானே தட்டெழுதிப் பதிந்திருக்கிறார். உடனே தேடிப் பார்த்திருக்கிறார், காணவில்லை. "ஓ, மிஷின் முழுங்கிடுச்சு" என்று மறுபடி பதிந்திருக்கிறார். அதுவும் காணவில்லை. அடம் பிடித்து இன்னுமொரு தடவை பதிந்திருக்கிறார். அடுத்த நாள் காலையில் ஒரே பெண் மூன்று பேராக வந்து நின்றிருக்கிறாள், ஒரே முகவரி, ஒரே ராசி, ஒரே நட்சத்திரம். பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், "மூணு பேருமே ஒரே மாதிரி இருக்காங்களே, ரெட்டப் புள்ளைங்களா?" என்று கேட்டார்களாம். பதிந்த விபரம் சுட்டியில் ஏறுவதற்கு ஒரு கட்டளை வேண்டும், அதைக் கடை மூடும் நேரத்தில் மட்டும் கொடுக்கும்படி நான் வைத்திருந்தேன். கணினிக்குச் சுமை குறையட்டும் என்ற நல்லெண்ணம். அதைத் திருத்தினேன்.

அடுத்தது உயரம். மாப்பிள்ளைகளை உயரமானவர் முதலில் வரும்படி வரிசைப்படுத்திக் கேட்டால், ஐந்தடி ஒன்பதங்குலக்காரர் மேலே நின்றார். ஐந்தடி பத்தங்குலக்காரர் கிட்டத்தட்ட அடியில், இரண்டங்குலக்காரருக்கும் கீழே கிடந்தார். எண்ணை எண்ணாகப் படிக்காமல் எழுத்தாகப் படித்திருக்கிறது நிரல். பத்தின் முதல் எழுத்து ஒன்று. ஒன்று இரண்டைவிடச் சின்னது. கணக்குச் சரிதானே. நெடுமரம் மாதிரி வளர்ந்த ஒரு பையனின் தாய் மாடிப்படி ஏறி வந்து, "எம் மகன எதுக்குக் குள்ளனுங்களோட போட்டிருக்கீங்க?" என்று தலைவரைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அதையும் திருத்தினேன்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்த கோளாறு சொல் தேடலில் வந்தது. "நல்ல குடும்பம்" என்று தேடினால் அத்தனை பேரும் வந்தார்கள். இந்த நிரலுக்கு ஒரு குணம் உண்டு. எல்லோரிடமும் இருக்கும் சொல்லை அது மதிக்காது, அபூர்வமான சொல்லுக்குத்தான் மதிப்புப் போடும். எங்கள் பயோடேட்டாக்களில் நல்ல குடும்பம் இல்லாதவர் ஒருவரும் கிடையாது, அமைதியான சுபாவம் இல்லாதவரும் கிடையாது. ஆகவே அந்தச் சொற்களால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நிரல் முடிவு செய்துவிட்டது. ஒரு தாய், மகளுக்குக் கோபம் வராத பையன் வேண்டும் என்றாள். தலைவர் அப்படியே அடித்தார். முதலாவதாக வந்தவர், "கொஞ்சம் கோபம் வரும், உடனே ஆறிவிடும்" என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்த ஒரேயொரு மனிதர். கோபம் என்ற சொல்லை வேறு யாரும் எழுதியிருக்கவில்லை. எங்கள் ஆட்களில் வேறு யாருக்கும் கோபமே வராதாம்.

இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஒரு மாதிரி ஓடத் தொடங்கியது. தலைவர் வாயெல்லாம் பல். வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம தோட்டத்துப் புள்ளதான் செஞ்சது" என்று என்னைக் காட்டினார். கலியாணங்களும் கூடின. அக்காவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

அம்மா சாத்திரியிடம் போனாள். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் செவ்வாய் என்றார். அன்றிலிருந்து அம்மா செவ்வாய்க்கிழமைகளில் ஒருவேளைச் சாப்பாட்டோடு நின்றாள். அக்காவைக் கோயில் கோயிலாக அழைத்துப் போனாள். இரத்தினபுரிப் பக்கம் ஒரு கோயில் விசேஷம் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போய் எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றினார்கள். அக்காவும் கூடவே போய் வந்தாள். அவளுக்குச் செவ்வாயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தன்மேல் இருந்த நம்பிக்கையும் மெல்ல மெல்லக் கழன்று போய்க்கொண்டிருந்தது. புதுச் சேலை எடுப்பதை நிறுத்தினாள். பாடசாலையில் படம் பிடித்தால் பின்வரிசைக்குப் போய் நின்றாள். "என்னைய யாருக்கும் புடிக்கல போல" என்று ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். 

இதற்கு நடுவில் எனக்கு வரன்கள் வரத் தொடங்கின. என் பயோடேட்டாவை நான் எழுதவில்லை. அக்கா இருக்கும்போது எனக்கென்ன அவசரம் என்று விட்டுவிட்டேன். இருந்தாலும் கையோடு கையாக இருக்கட்டும் என்று அம்மா சொல்ல, தலைவரே எழுதிப் போட்டிருக்கிறார். ஒரு வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் என்னைப் பார்க்கவே வந்துவிட்டார்கள். அக்காதான் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வந்த அம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது யாரு, அண்ணியா?" என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே, "மூத்தவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அவர்களை அனுப்பிய விதத்தை இங்கே எழுத வேண்டாம். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சூடு ஆறுவதற்கு முன்பே எனக்கு ஒன்று உறைத்தது. ஒரே வீடு. ஒரே தாய் தகப்பன். படிப்பில் அக்கா என்னைவிட ஒரு பிடி கூட. குணத்தில் கேட்கவே வேண்டாம். என் பயோடேட்டா தேடலில் வருகிறது, அவளுடையது வருவதில்லை. கிரகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு ஆவணங்களில் ஒன்று மட்டும் வந்தால் அது வானத்துக் கோளாறு இல்லை, என் கோளாறு.

சனிக்கிழமை காலையிலேயே துணிக்கடை மாடிக்கு ஏறினேன். தலைவர் கீழே கடை முதலாளியோடு பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் பதிவிலக்கத்தைக் கொடுத்துக் கேட்டேன், ஆள் இருந்தாள். ஆகவே சுட்டியில் ஏறாமல் போகவில்லை. பிறகு தலைவர் தேடுவதைப் போலவே தேடினேன். பெண், ஆசிரியை, பட்டதாரி. வரிசையில் எங்கேயோ அடியில் கிடக்கிறாளோ என்று கடைசி வரை உருட்டிப் பார்த்தேன். அவளைவிட வயது கூடியவர்கள் இருந்தார்கள், படிப்புக் குறைந்தவர்கள் இருந்தார்கள். அவள் இல்லை. ஆகவே வரிசையிலும் பிழை இல்லை. மிச்சம் கேள்வி மட்டும்தான்.

இந்த நிரலில் ஒரு வசதி உண்டு. இன்ன ஆள் ஏன் வரவில்லை என்று கேட்டால், காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லும். மனிதர்களிடம் இல்லாத வசதி. கேட்டேன். விலக்க வேண்டிய சொல் இந்த ஆவணத்தில் இருக்கிறது என்றது.

எந்தச் சொல்லை யார் விலக்கச் சொன்னார்கள்? தலைவருக்குப் பார்வை மட்டு. அதனால் திரையில் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தார். திரையின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் கீழே போயிருந்தது. இழுத்துப் பார்த்தேன். அங்கே நானே செய்து வைத்த ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வேண்டாத சொற்கள் என்று அதற்குத் தலைப்பும் நான்தான் வைத்தேன். வெளிநாட்டு மாப்பிள்ளை வேண்டாம், மீன் மச்சம் சாப்பிடுகிறவர் வேண்டாம் என்று கேட்பவர்களுக்காக. வயதான மனிதர் ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டாமே என்று, கடைசியாக அடித்த சொல் அப்படியே நிற்கும்படியும் செய்திருந்தேன். அந்தச் சொல் எந்த உருவத்தில் வந்தாலும் பிடிக்கும்படியும் செய்திருந்தேன். பெட்டிக்குள் ஒரே ஒரு சொல் நின்றுகொண்டிருந்தது. தோட்டம்.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பயோடேட்டாக்களில் யாரும் தோட்டத்தில் பிறப்பதில்லை. எல்லோரும் டவுனில் பிறக்கிறார்கள். ருவான்வெல்லை டவுன், கேகாலை டவுன், இரத்தினபுரி டவுன், தூரத்து ஆட்கள் என்றால் எம்பிலிப்பிட்டிய டவுன். கரவனெல்ல என்று எழுதுகிறவர்களிடம் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு, ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. தகப்பன் தொழில் தனியார் துறை. விடியற்காலையில் மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டுவது அரசாங்க வேலை இல்லைதானே, பொய்யென்று சொல்ல முடியாது. எழுதியபடி அத்தனை பேரும் ருவான்வெல்லை டவுனில் பிறந்திருந்தால் இந்தக் கடைவீதியில் கால் வைக்க இடம் இருந்திருக்காது. என்னையும் தலைவர் ருவான்வெல்லை டவுனில்தான் பிறக்க வைத்திருந்தார்.

அக்கா மட்டும் தன் பயோடேட்டாவைத் தானே எழுதினாள். தோட்டத்தின் பெயர், மேல் டிவிஷன், லயத்தின் இலக்கம், தகப்பன் தோட்டத் தொழிலாளி, தொழில் தோட்டப் பாடசாலை ஆசிரியை. விலாசத்தைக் கேட்டார்கள், விலாசத்தை எழுதினாள்.

தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார்.

"தலைவரே, இது யாரு போட்டது?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஓ, அதுவா? நான்தான் புள்ள. வர்றவங்க அத்தன பேரும் அதத்தானே கேக்குறாங்க, தோட்டம் வேணாம், தோட்டம் வேணாம்னு. ஒவ்வொரு வாட்டியும் அடிக்கணுமா? ஒருக்கா அடிச்சா அப்புடியே நிக்கும்னு நீதானே சொன்ன. ஹரி லேசி, ரொம்ப சுளுவு."

"வர்றவங்க எங்கேருந்து வர்றாங்க?"

"எங்கேருந்து வருவாங்க? தோட்டத்துலேருந்துதான்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் பெட்டியைக் காலி செய்துவிட்டு, தோட்டம் என்ற அதே சொல்லைத் தேடும் இடத்தில் போட்டேன். பாதிக்கு மேல் தோட்டத்து மக்களாக உள்ள அந்தக் குவியலில் ஒரே ஒரு ஆள் வந்தாள். அக்கா. அத்தனை காலமும் அந்தப் பெட்டி வேறு எவரையும் தடுக்கவில்லை. அவள் ஒருத்திக்காக மட்டும் ஓய்வில்லாமல் உழைத்திருக்கிறது.

"எப்ப இருந்து இது இப்புடி இருக்கு?"

"நீ செஞ்சு குடுத்த மறுநாள்லேருந்து" என்றார் மெதுவாக.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினியைத் தூக்கிச் சேலைகளின் மேல் போட்டிருப்பேன். "பங்களா வாசல்ல நின்னு கத்துனீங்களே தலைவரே, நாங்களும் மனுசங்கதான்னு. அது யாருக்காக?" என்று கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அது சங்கம் புள்ள. இது குடும்பம்" என்றார். பிறகு அவரே, "ஒரு சின்ன வேலதானே. அக்காட பயோடேட்டால அந்தச் சொல்ல எடுத்துட்டு டவுன்னு போட்டுருவோம்" என்றார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப செவ்வாய் இல்லியா?"

"இல்லம்மா."

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. செவ்வாய் பகவானுக்கு இவ்வளவு நாளும் பட்டினி கிடந்தது வீணா என்று யோசித்திருப்பாள் போல. அக்கா பிள்ளைகளின் பாடக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பேனையை மூடி வைத்தாள்.

"அப்ப யாருமே பாக்கலியா?"

"பாக்கல அக்கா."

"ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட இல்ல."

"நான் என்னமோ..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதை நினைத்து இவ்வளவு நாளும் தன்னைத்தானே அரித்துக்கொண்டிருந்தாளோ, அது நடக்கவேயில்லை. யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை, அவள் இருப்பதே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இதில் எது மோசம் என்று எனக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவும் தலைவரின் கட்சிதான். "ஒரு சொல்லு தானே. டவுன்னு போட்டா என்னா கொறைஞ்சு போகும்? ஊரு ஒலகமே போடுது."

"நான் மாத்த மாட்டேன்" என்றாள் அக்கா.

"ஏன் மாத்த மாட்ட?"

"என்னோட ஊருன்னு புள்ளைங்களுக்குக் கட்டுர எழுதச் சொல்லிக் குடுக்குறேன். அதுங்க தோட்டத்துப் பேர எழுதி, ஆறு எங்க ஓடுது, கோயில் எங்க இருக்குன்னு வரஞ்சு கொண்டாந்து காட்டுதுங்க. நான் சரி போடுறேன். போட்டுட்டு வந்து எனக்கு மட்டும் டவுன்னு எழுதவா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். என் தொழில் புத்தி விடவில்லை. "அக்கா, நீ எழுதினத மாத்தவே வேணாம். அந்தப் பகுதிய மட்டும் சுட்டியில ஏறாம பண்ணிரலாம். எழுதினது அப்புடியே இருக்கும். தேடுறப்ப மாட்டாது" என்றேன். நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது.

அக்கா என்னைப் பார்த்தாள். "எழுதியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். அப்புடித்தானே?"

"ஆமா."

"வேணாம்டி. எல்லாரும் அதத்தானே பண்றாங்க. நீ மிஷின்ல பண்ற."

அடுத்த சனிக்கிழமை மாடிக்கு ஏறினேன். பெட்டியில் சொல் நிற்காதபடி மட்டும் மாற்றினேன். வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறவர் ஒவ்வொரு தடவையும் தன் கையால் அடிக்கட்டும் என்று விட்டேன். தலைவருக்கு விரல் வலிக்கும் என்று தெரிந்துதான் செய்தேன்.

சில வாரங்களில் கேகாலையிலிருந்து ஒரு தாயும் மகனும் அக்காவைப் பார்க்க வந்தார்கள். மகன் டவுனில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. பார்க்க மரியாதையான ஆள். தலைவர் விரல் வலிக்கு அஞ்சி வேண்டாத சொல்லை அடிக்காமல் விட, திரையில் வந்த அக்காவின் படத்தைப் பார்த்துவிட்டுத் தாய்தான் முதலில் ஆசைப்பட்டாளாம். மற்றதை வாசிக்காமலேயே, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று புறப்பட்டு வந்திருக்கிறார்கள். வான் மேலே வராது. கீழ் ரோட்டில் இறங்கி, லயத்துப் படிகளில் ஏறி வந்தார்கள். அந்த அம்மாவின் முகம் ஒவ்வொரு படிக்கும் சுருங்கியது.

அம்மா பலகாரமும் தேத்தண்ணீரும் வைத்தாள். அக்கா மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். அன்றைக்காகப் புதிதாக எடுத்தது. வந்த அம்மா சுவரைப் பார்த்தாள், கூரைத் தகரத்தைப் பார்த்தாள். "எடம் நல்லா குளுகுளுன்னு இருக்கு" என்று சுற்றுலா வந்தவள் மாதிரிச் சொன்னாள்.

அக்கா கேட்டாள், "நீங்க எந்தத் தோட்டம்மா?"

"நாங்க கேகாலை டவுனு."

"அதுக்கு முந்தி?"

அம்மா அக்காவின் முதுகில் கிள்ளியதை நான் பார்த்தேன். மகன் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா கையிலிருந்த பலகாரத்தைத் தட்டில் வைத்தாள். பேசத் தொடங்கியபோது குரல் மாறியிருந்தது.

"நானும் பால் வெட்டுனவதான் புள்ள. விடியக்காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல போயி நின்னு, மழ வந்தா இன்னிக்கி வேல இல்லன்னு திரும்பி வந்து, என்னா பாடு பட்டிருக்கேன். இவன இடுப்புல வச்சிக்கிட்டு மலை ஏறியிருக்கேன். எனக்கு வர்ற மருமக அந்தப் பக்கமே போவக் கூடாதுன்னு நெனச்சேன். அதான் தோட்டம் வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்றது. உங்கள கேவலமா நெனச்சு இல்ல."

அம்மா தலையாட்டினாள். அவளும் அதே பெரட்டில் நின்றவள்தான். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தில், எல்லாம் கூடிவந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

"அது எனக்குப் புரியுதும்மா" என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணு இப்பவே சொல்லிர்றேன். நான் இந்தப் பள்ளிக்கூடத்த விட மாட்டேன். மாற்றலும் கேக்க மாட்டேன். கேகாலையில இருந்து பஸ்ல வந்து போவேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

"அப்ப எம் மருமக தெனமும் விடியக்காலையில எந்திரிச்சு தோட்டத்துக்குப் போவா" என்றாள் அந்த அம்மா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "அதுக்கா நான் டவுனுக்குப் போனேன்?"

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தான். போகும்போது அந்த அம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "தங்கமான புள்ள நீ. ஒன்மேல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் மனசு ஒப்பல, வேணாம் புள்ள" என்றாள். பிறகு இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

அம்மா குசினிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டதே நான்தானே என்று இருந்தது. சனியனே என்று மூடியே விட்டிருந்தால் இந்த முகத்தை அக்கா பார்த்திருக்க வேண்டியதில்லை. பையனையும் திட்டினேன், தலைவரையும் திட்டினேன், கேகாலை டவுனையே திட்டினேன்.

அக்கா கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "இப்ப எதுக்குடி அழுவுற?" என்றாள்.

"வேணாம்னுட்டுப் போறாங்களே அக்கா."

"சொல்லிட்டுத்தானே போறாங்க" என்றாள். "இவ்வளவு நாளா என்னைய ஒருத்தர்கூட வேணாம்னு சொன்னதில்ல. இந்தம்மா படியேறி வந்து, பாத்து, பேசி, கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போறாங்க."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தட்டத்தைத் தூக்கினாள்.

"தலைவருக்குப் போன் போடு. அடுத்தது யாருன்னு கேளு."